வலது பிரேக்கைக் கட்டியவன்

பத்தொன்பது வருடமாக மலை வண்டி ஓட்டுகிறேன். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு ஐம்பது உயிரை ஏற்றிக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று நடை இறங்கி ஏறுகிறவன் நான். மூடுபனியில் இறக்கியிருக்கிறேன், மரம் சாய்ந்த மழையில் இறக்கியிருக்கிறேன். ஒரு நாளும் கை நடுங்கியதில்லை. அப்பேர்ப்பட்ட ராஜவேலுவை ஒரு சைக்கிள் நடுங்க வைத்தது என்றால் டிப்போவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவனவன் பெண்டாட்டியை அதில் ஏற்றி மலையிறக்கிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

என் மனைவி தமிழரசி இங்கே பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். முப்பத்தாறு வயதாகிறது. சும்மா இருக்க மாட்டாமல் டிரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். கடலில் முக்கால் கிலோமீட்டர் நீந்தி, ஈர உடம்போடு ஏறி இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கும் மேல் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டுமாம். இதில் ஏதாவது ஒன்றைச் செய்யச் சொன்னாலே நான் மெடிக்கல் லீவு போட்டுவிடுவேன். மகாபலிபுரம் பக்கம், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை. நீச்சல் அவள் கிணற்றில் கற்றது. ஓட்டம் கூடவே பிறந்தது. இல்லாதது சைக்கிள் ஒன்றுதான்.

"கடற்கரை ரோடு தட்டையாத்தாங்க கீது. அங்க இன்னா பயம்?" என்பாள்.

"ரேஸ் அங்க. பிராக்டீஸ் எங்க? இந்த மலைலதான? இங்க ஏத்தம் எறக்கம் இல்லாத ரோடு ஒரு கிலோமீட்டர் காட்டு, நான் மீசைய எடுத்துக்கிறேன்."

என் பயம் ஒன்றும் சும்மா வந்த பயம் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் புளி மூட்டையோடு சைக்கிளில் இறங்கிய ஒருவன், திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்துவிட்டான். முன் சக்கரம் நின்றது, ஆள் நிற்கவில்லை. ஹேண்டிலுக்கு மேலாகத் தலைகுப்புறப் போய்ப் பாறையில் விழுந்தான். என் பஸ்ஸில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் அடங்கிவிட்டான். அவன் பெண்டாட்டி என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டி இருக்கலாமே அண்ணா" என்று கேட்டாள். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படிப்பட்ட சாவுகளைப் பார்த்துத்தான் வெகு காலமாக எங்கள் மலையில் சைக்கிளின் வலது பிரேக்கை யாரும் நம்புவதில்லை. நம் ஊர்ச் சைக்கிளில் வலது கை முன் சக்கரத்தைப் பிடிக்கும், இடது கை பின் சக்கரத்தை. மலையிறங்கும் முன்னால் பழைய டியூபை வாராக வெட்டி வலது பிரேக்கை இறுக்கிக் கட்டிவிடுவார்கள், பதற்றத்தில்கூடக் கை அதை அமுக்கிவிடக் கூடாதென்று. நான் அடிவாரத்து ஒடுகத்தூர்க்காரன், எனக்கு இது தெரியாது. கல்யாணமான புதிதில் என் மச்சான் கண்ணாயிரம்தான் கட்டிக் காட்டினார். "வலது கை சோறு துன்ன, இடது கை பிரேக் புடிக்க. அவ்ளோதான் மாமா மலைச் சட்டம்" என்றார். தமிழரசி அந்தச் சட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்.

சைக்கிள் பார்க்க முதலில் வேலூருக்குப் போனோம். கடைக்காரப் பையன் கறுப்பாக ஒன்றை இழுத்து வந்தான். முழங்கையை முன்னால் ஊன்றிப் படுத்த வாக்கில் ஓட்டுவதாம்.

"இது இன்னாபா, சாமி கும்புட்டுக்கினே போறதா? பிரேக்கு எங்க கீது?"

"அது ஓரத்துல இருக்கு சார். கைய எடுத்துட்டுப் போய்ப் புடிக்கணும்."

"கைய எடுத்துக்கினு போறதுக்குள்ள ஆளு போயிடும். உள்ள வை."

தமிழரசி என் முதுகில் கிள்ளினாள். அவளுக்குப் போனில் சொல்லித் தரும் கோச்சும் அது வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாராம். முதல் போட்டிக்குச் சாதாரண ரோடு பைக் போதும், விலையைப் பார்க்காதே, கலரைப் பார்க்காதே, உன் உடம்புக்குச் சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பார் என்றாராம். அங்கேதான் சிக்கல். இவள் ஐந்தடி. கடையில் இருந்த எல்லாம் நெட்டையன்களுக்குச் செய்தவை. ஏறி உட்கார்ந்தால் ஹேண்டிலை எட்டிப் பிடிக்க முதுகு இழுத்துக்கொண்டது. நான் தடித்த டயர் போட்ட, நேரான ஹேண்டில் வைத்த ஒரு சைக்கிளைக் காட்டி, "இது எடு, எருமை மாதிரி நிக்கும்" என்றேன். "எருமை மாதிரிதாங்க ஓடவும் செய்யும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஆலங்காயம் வரைக்கும் அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். பிறகு, "இந்த வாரத்துக்குள்ள சைக்கிள் இல்லன்னா நான் பேரை வாபஸ் வாங்கிக்கணும். அதான உங்களுக்கு ஓணும்?" என்று கேட்டாள். அதுதான் எனக்கு வேண்டும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

காவலூரில் வாடகைக்கு இருந்த என்ஜினீயர் நவீன்குமார் வீட்டில் ஒரு சைக்கிள் இருப்பதாக அவளே விசாரித்து வந்தாள். அவரும் அவர் மனைவியும் அமெரிக்காவில் சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். அந்த அம்மா அங்கே ஓட்டிய ரோடு பைக். இப்போது குழந்தை பிறந்து பெங்களூரில் இருக்கிறார், சைக்கிள் சும்மா நிற்கிறது. அந்த அம்மாவும் குள்ளம். தமிழரசி ஏறி உட்கார்ந்தாள். அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததுமே என் கதை முடிந்தது என்று தெரிந்துபோயிற்று.

ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். என் கட்டைவிரல் அகலம்தான் டயர். ஒரு விரலால் தூக்கலாம். இதன் மேல் என் பெண்டாட்டியா!

நவீன்குமார் நல்ல மனுஷன். கியர் மாற்றுவது, காற்று எவ்வளவு அடிப்பது, செயினுக்கு எந்த எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். "ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க அக்கா, பிடிச்சிருந்தா எடுத்துக்கலாம்" என்றார். பிரேக்கைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்லித் தருவார்களா?

பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று நாள் ஓட்டினாள். அங்கே சரிவு கிடையாது, இரண்டு கையாலும் லேசாகப் பிடித்து நின்றாள். எனக்கு அது போதவில்லை. "எறக்கத்துல நிக்கிதான்னு என் கண்ணால பாக்கணும். அப்பாலதான் முடிவு" என்றேன். கேட்டுக்கொள்ளுங்கள், இந்த யோசனை என்னுடையது. அவளாகக் கேட்கவில்லை. நான்தான் அவளை மலையிறங்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. காலை ஆறரைக்கு இறக்கம் தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், அவள் சைக்கிளில், நான் பின்னால் மோட்டார் சைக்கிளில். பனி இன்னும் விலகவில்லை. நான் சட்டைப் பையிலிருந்து டியூப் வாரை எடுத்தேன்.

"வலது கைலதாங்க கியரும் கீது. கட்டிட்டா மாத்த முடியாது."

"எறங்கறதுக்கு இன்னாத்துக்கு கியரு? மலைச் சட்டம் மறந்து போச்சா?"

"சரி, கட்டுங்க. கட்டலன்னா ராத்திரி பூரா பொலம்புவீங்க."

நாலு சுற்று சுற்றி இறுக்கிக் கட்டினேன். இடது பிரேக்கை அமுக்கிச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. மனசு கொஞ்சம் ஆறியது. ஹெல்மெட் வாரை நானே மாட்டிவிட்டேன். "வலது கைய மறந்துடு" என்றேன். அவள் புறப்பட்டாள்.

என் கணக்குக்கு அந்த இறக்கத்தில் பதினான்கு திருப்பம். முதல் நான்கிலும் நான் பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன். மெதுவா, ஓரமா, குழி கீது, கொரங்கு கீது. அவள் ஒன்றுக்கும் திரும்பவில்லை. ஆனால் நன்றாகத்தான் இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் நுழைந்ததும் விட்டுவிட்டாள். பஸ்ஸை அப்படித்தான் ஓட்ட வேண்டும். பரவாயில்லையே, நம்மைப் பார்த்துக் கற்றிருக்கிறாள் என்று பெருமைகூடப் பட்டுக்கொண்டேன், மடையன்.

ஐந்தாவது திருப்பத்தில் அவளுக்கு நாலடி பின்னால் இருந்தேன். அவள் பின் சக்கரம் என் கண்ணுக்கு நேராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இடது கை பிரேக்கைப் பிடித்தது. வேகம் குறைந்தது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இருந்த பிரேக் கட்டைகள் அசையவில்லை.

கண் ஏமாற்றுகிறதோ என்று பார்த்தேன். அவள் மறுபடி பிடித்தாள். மறுபடியும் வேகம் குறைந்தது. கட்டைகள் அப்படியே நின்றன. சின்னக் கல் ஒன்றில் ஏறியபோது பின் சக்கரம் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி இறங்கியது.

பின்னால் பிடிக்காமல் வேகம் எப்படிக் குறைகிறது? முன்னால் பிடிக்கிறது. இந்தச் சைக்கிளில் இடது கைதான் முன் சக்கரம். அமெரிக்காவில் மாற்றி வைத்திருக்கிறான்கள். அப்படியென்றால் வலது கை பின் சக்கரம். அதைத்தான் நான் நாலு சுற்று சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

ஐயோ, என் சாமி!

எந்தச் சக்கரம் பிடிக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. பத்தொன்பது வருட டிரைவர், தினமும் வண்டி எடுக்கும் முன்னால் ஆறு சக்கரத்தையும் தட்டிப் பார்க்கிறவன், என் பெண்டாட்டி சைக்கிளுக்குக் குனியவில்லை. ஆக்சிலேட்டரில் என் கை வெடவெடவென்று ஆடியது. பாறையில் கிடந்த அந்த ஆள் கண் முன்னால் வந்தான். அவன் முகத்தில் தமிழரசி முகம் வந்தது.

கத்த வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். என்ன சொல்லிக் கத்துவது? 'நீ புடிக்கிறது முன் பிரேக்கு' என்று சொன்னால் அந்த நொடியே பயந்து இறுக்கிப் பிடிப்பாள். பயந்தவன் கை முதலில் செய்வது அதுதான். நிறுத்து என்றாலும் பிடிப்பாள். பிடித்தால் போனாள். இதுவரைக்கும் அவள் விழாமல் வருவதற்கு ஒரே காரணம், அவளுக்குப் பயமில்லை, அதனால் மெதுவாகப் பிடிக்கிறாள். மூன்று வாரமாகப் பயப்படு பயப்படு என்று அவள் காதைத் தின்றவன் நான். இப்போது அவள் பயந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு பின்னால் போனேன்.

அவளுக்கு ஆபத்து பிரேக்கில் இல்லை, திடுக்கிடுவதில்தான். எதிரே திடீரென்று ஏதாவது வந்தால் கை தானாக இறுக்கும். அப்படி எதுவும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு நான் முன்னால் போக வேண்டும். முன்னால் போனால் அவளைப் பார்க்க முடியாது. ஆறாவது திருப்பம் தாண்டிக் கொஞ்சம் நேரான ரோடு வந்ததும் பக்கத்தில் போனேன்.

"நான் முன்னாடி போயி ரோடு பாத்துக்கினே போறேன். நீ இப்டியே வா. வெரல் நுனில புடி. இப்ப புடிக்கிற மாதிரியே."

"இன்னாங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? பயமா?"

"ஆமா, பயந்தான். நீ சிரிச்சிக்கினே வா."

அவள் சிரித்தாள். நான் முன்னால் போனேன்.

ஏழு. ஒன்றுமில்லை. எட்டில் இரண்டு குரங்கு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஹாரனை அடித்து, கெட்ட வார்த்தையில் திட்டி விரட்டினேன். ஒன்பதாவது திருப்பத்தில் முந்தின நாள் லாரியிலிருந்து கொட்டிய மணல், சரியாக வளைவின் உள்பக்கத்தில் பரவிக் கிடந்தது. முன் சக்கரத்தைப் பிடித்தபடி அதன் மேல் வந்தால் சைக்கிள் சறுக்கிக்கொண்டு போய்விடும். வண்டியைச் சாய்த்துப் போட்டுவிட்டுக் காலால் மணலைத் தள்ளினேன். செருப்பு அறுந்தது. வெறுங்காலால் தள்ளினேன், கையால் வாரி வீசினேன். மேலே அவள் சைக்கிளின் டிக்டிக் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பாதி மணல் இன்னும் கிடந்தது. அந்த இடத்தில் நானே போய் நின்றுகொண்டேன், அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று.

"இங்க இன்னா பண்றீங்க?"

"ஒன்னுக்குப் போனேன். நீ போ, நீ போ."

அவள் போய்விட்டாள். இப்போது அவள் முன்னால், நான் பின்னால். வண்டியைத் தூக்கி நிறுத்திக் கிளப்புவதற்குள் என் கை நாலு தடவை சாவியைத் தவறவிட்டது. பத்தில் அவளைத் தாண்டினேன். தாண்டிய கையோடு கீழே பஸ் ஹாரன் கேட்டது. அந்தப் பாட்டு ஹாரன் எனக்குத் தெரியும். டிரைவர் சின்னக்குழந்தையின் முதல் நடை. பேர்தான் சின்னக்குழந்தை, ஆள் நூறு கிலோ. பதினொன்றாவது திருப்பத்தை அவன் எப்போதும் ரோடு முழுக்க எடுத்துக்கொண்டுதான் திருப்புவான். எல்லா டிரைவரும் அப்படித்தான், வேறு வழி இல்லை.

திருப்பத்துக்குக் கீழே, பஸ் ஏறி வரும் பக்கத்தில் வண்டியைக் குறுக்கே போட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடு ரோட்டில் நின்றேன். பஸ் என் நெஞ்சுக்கு ஐந்தடியில் வந்து நின்றது.

"யோவ் ராஜவேலு! பைத்தியம் கியித்தியம் புடிச்சிக்கிச்சாய்யா? ஏத்தத்துல நிறுத்துற!"

"அண்ணா, ஹாண்ட் பிரேக் போடு. ஆரனடிக்காத. என் பொண்டாட்டி வருது."

"பொண்டாட்டி வந்தா?"

"பிரேக் இல்லாம வருது."

அவன் ஹாண்ட் பிரேக்கை இழுத்தான். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. ஒரு நிமிஷம் இருக்குமா? எனக்கு அது ஒரு நடை பஸ் ஓட்டிய நேரம். சத்தம் கேட்கவில்லையே, விழுந்துவிட்டாளா, மேலே ஓடலாமா, ஓடினால் இந்தப் பஸ் கிளம்பிவிடுமா என்று அங்கேயே செத்துச் செத்துப் பிழைத்தேன்.

வந்தாள். வளைவை அகலமாக எடுத்துக்கொண்டு, ரோட்டின் வலதுபக்க ஓரம் வரைக்கும் வந்து திரும்பினாள். பஸ் வந்திருந்தால் அந்த இடத்தில்தான் இருந்திருக்கும். ஐம்பது பேர் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்குக் குஷி வந்துவிட்டது. வேலையில்லாத வலது கையைத் தூக்கி எங்களுக்கு டாட்டா காட்டினாள். பஸ்ஸில் விசில் பறந்தது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். சின்னக்குழந்தைதான், "எழுந்து போய்யா, பின்னாடியே போ" என்று அதட்டினான்.

மிச்சம் மூன்று திருப்பத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. அடிவாரச் செக்போஸ்ட் பக்கம் போனபோது அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முழுதாக நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, பல்லெல்லாம் தெரிந்தது.

"இதாங்க என் சைக்கிளு! வேற எதுவும் வேணாம். ஒரே பிரேக்கு, இன்னா புடி புடிக்குது! நம்ம ஊர் சைக்கிள்ல பின் பிரேக்கு இப்டி எங்க புடிக்கும்?"

சொல்லத்தான் வேண்டும், மூச்சு வரட்டும் என்று நின்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மேலே ஐம்பதடி மிதித்து ஏறிவிட்டாள்.

"பாருங்க, வேகமா வந்து கப்புன்னு ஒரே புடியா நிறுத்திக் காட்டறேன்!"

"வேணாம்!" என்று நான் போட்ட கூச்சலில் செக்போஸ்ட்காரர் வெளியே ஓடி வந்தார். அவள் பெடலில் கால் வைத்துவிட்டாள். ஓடிப்போய் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "அது முன் பிரேக்குடி! நீ புடிச்சிக்கினு வந்தது முன் பிரேக்கு! நான் மாத்திக் கட்டிட்டேன்டி!"

அவள் நம்பவில்லை. இறங்கி, சைக்கிளைத் தூக்கி முன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இடது பிரேக்கை அமுக்கினாள். சக்கரம் கப்பென்று நின்றது. பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அமுக்கினாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் முகத்திலிருந்த சிவப்பு கண்ணுக்கு நேரே வடிந்தது. சைக்கிளை மெல்லத் தரையில் படுக்க வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நான் பல்லால் கடித்து வலது பிரேக்கிலிருந்த டியூப் வாரை அவிழ்த்தேன். திட்டுவாள், அடிப்பாள், இனி சைக்கிளே வேண்டாம் என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"எந்தத் திருப்பத்துல தெரிஞ்சிது?"

"அஞ்சாவதுல."

விரல் விட்டு எண்ணினாள். "அப்ப ஒம்போது."

"சொன்னா நீ பயந்துக்கினு இறுக்கிப் புடிச்சிருப்ப. அதான்..."

"ஒம்போது திருப்பமும் நீ ஒண்டியா பயந்துக்கினே வந்தியா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அவள் என்னை நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். நான் உடைந்துபோனேன். செக்போஸ்ட்காரர் பார்க்கிறார், டீக்கடையில் நாலு பேர் பார்க்கிறார்கள், எல்லாம் தெரிந்தவர்கள். வெட்கமில்லாமல் அழுதேன். அவள் என் காலைப் பார்த்தாள், ரத்தம் கசிந்திருந்தது. துடைக்க முந்தானை இல்லாத உடுப்பு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலில் ஊற்றினாள்.

"எனக்கு இப்பதாங்க பயமா கீது" என்றாள்.

"வூட்டுக்குப் போலாம். அடுத்த பஸ்ஸு அரை மணில வரும். சைக்கிள டாப்புல போட்டுக்கலாம்."

அவள் மலையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்து, சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஏறிப் போறதுக்கு பிரேக்கு இன்னாத்துக்குங்க?" என்று சொல்லிவிட்டு மிதிக்கத் தொடங்கினாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியை முதல் கியரில் போட்டு அவள் பின்னாலேயே போனேன்.